அறிதுயில்

திருவள்ளூருக்கு அந்தப் பெயர் வந்ததே தூக்கத்தை முன்னிட்டுத்தான். சாலிஹோத்திரர் என்ற முனிவர் தவம் முடித்து, அரிசி மாவைப் படைத்து வைத்துக்கொண்டு அதிதிக்காகக் காத்திருந்தாராம். கிழவர் ஒருவர் வந்தார்; மாவு முழுவதையும் உண்டார். பிறகு, "படுப்பதற்கு எவ்வுள்?" என்று கேட்டார். எந்த அறை என்று அர்த்தம். முனிவர் தம் பர்ணசாலையைக் காட்ட, கிழவர் அங்கேயே பெருமாளாகப் பள்ளிகொண்டுவிட்டார். திருஎவ்வுள் நாளடைவில் திருவள்ளூர் ஆயிற்று.

முனிவரின் தலைமேல் கைவைத்தபடி சயனித்திருக்கும் அந்த வீரராகவருக்கு 'வைத்திய வீரராகவர்' என்றும் பெயர். அமாவாசைதோறும் ஜனங்கள் வருகிறார்கள். உப்பும் மிளகும் செலுத்துகிறார்கள். குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. இருதயத்தின் தாபத்தைப் போக்குவது என்று பொருள். டாக்டர்கள் இன்று மனப்பதற்றம் என்று சீட்டில் எழுதுகிறார்களே, அதற்கு இதைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிகொண்ட பெருமாளின் தூக்கத்தை அறிதுயில் என்பார்கள். தூங்குவதுபோல் தோன்றும், ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். இந்தச் சொல்லையேதான் ஹிப்நாடிசத்துக்கும் தமிழில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1819-ல் பாரிஸில் வெளியான ஒரு பிரெஞ்சு நூலின் தலைப்பிலும் 'தெளிந்த தூக்கம்' என்ற சொல்லே இருக்கிறது. அதை எழுதியவரோ நம் நாட்டவர்!

'மாண்டி கிறிஸ்டோ' நாவலை வாசித்தவர்களுக்குச் சிறைக்குள் சுரங்கம் தோண்டும் கிழட்டுப் பாதிரியாரை நினைவிருக்கும். அபே பாரியா. டூமாஸ் அவரை இத்தாலியராக்கிப் புதையல் ரகசியத்தையும் கையில் கொடுத்துவிட்டார். நிஜமான பாரியா 1756-ல் கோவாவில் கண்டோலிம் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனாருடன் 1771-ல் லிஸ்பன் போய், ரோமில் படித்துப் பாதிரியானார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். போர்த்துகல் ராணியின் முன்னிலையில் பிரசங்கம் செய்ய மேடையேறிய இளைஞருக்கு நா எழவில்லை, கைகால் நடுங்கின. கீழே இருந்த தகப்பனார் கொங்கணியில், "இதெல்லாம் வெறும் காய்கறிடா, நறுக்கித் தள்ளு!" என்று முணுமுணுத்தாராம். பயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பிரசங்கம் தடையின்றி ஓடியது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சக்தியா என்று அவர் வாழ்நாள் முழுவதும் யோசித்தார் என்றால் ஆச்சரியமில்லை.

அந்தக் காலத்தில் பாரிஸை ஆட்டி வைத்தது மெஸ்மெரின் காந்த வித்தை. வைத்தியரின் உடம்பிலிருந்து ஏதோ திரவம் நோயாளிக்குள் பாய்கிறது என்றார் மெஸ்மெர். 1784-ல் மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் இருந்தார். திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு தீர்ப்புக் கூறியது. கற்பனையென்றால் பொய் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பாரியா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1813-ல் பாரிஸில் பொதுக் கூட்டங்கள் நடத்தத் தொடங்கினார். வருபவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடி மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்லி, "தூங்கு!" என்று ஒரே ஒரு கட்டளை இடுவார். பலர் தூங்கினார்கள். ஆனால், "என்னிடம் ஒரு சக்தியும் இல்லை, சக்தி தூங்குபவரிடமே இருக்கிறது" என்பதுதான் அவருடைய கட்சி. வித்தைக்காரன் தன் வாயால் இப்படிச் சொன்னால் ஊர் மதிக்குமா? நடிகன் ஒருவன் தூங்குவதுபோல் பாசாங்கு செய்து, நடுவில் கண்ணைத் திறந்து சபையைச் சிரிக்க வைத்தான். 1816-ல் அவரைக் கேலி செய்து நாடகமே போட்டார்கள். நூல் வெளியான 1819-லேயே பாரியா வறுமையில் காலமானார். பிற்பாடு பிரான்ஸின் நான்ஸி நகரத்து டாக்டர்கள் அவர் கொள்கைதான் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். பணஜியில் 1945-ல் வைத்த சிலையில், கைகளை நீட்டி ஒரு பெண்ணை மயங்கச் செய்வதாக நிற்கிறார் பாவம்!

வங்காளத்து ஹூக்ளியில் டாக்டர் எஸ்டெய்ல் 1845 முதல் நோயாளிகளை இப்படி மயக்கி, வலி தெரியாமல் பெரிய ரணசிகிச்சைகள் செய்தார். கல்கத்தாவில் தனி ஆஸ்பத்திரிகூட வைத்தார்கள். 1847-ல் குளோரோபாரம் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. பிராய்டும் கொஞ்ச நாள் கையாண்டு விட்டுவிட்டார். 1955-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஹிப்நாடிசத்துக்கு மறுபடி மரியாதை கொடுத்தது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் ஷிப்ட் வேலையும் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையனுக்குச் சித்தபேதம் வந்து, மாத்திரையில் அடங்கியிருக்கிறது. காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. பஸ் ஏறப் பயம். மேஸ்திரியைக் கண்டால் பயம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் தூக்கமில்லை. 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் மனநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்ட காலத்தில், இப்படிப்பட்டவனுக்கும் பதற்றம் என்று ஒன்று உண்டு என யார் நினைத்தார்கள்? பைத்தியம் என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. நோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு அறிதுயில் உதவுமா? நோய் உக்கிரமாக இருக்கும்போது டாக்டர்கள் பெரும்பாலும் அதைத் தொடமாட்டார்கள். ஏற்கெனவே பிறர் தன் மனத்தை ஆட்டி வைப்பதாக நம்புகிறவனிடம், "நான் சொல்கிறபடி தூங்கு" என்றால் என்ன ஆகும்? நோய் தணிந்தபின், பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் மூச்சை நிதானப்படுத்தி, தசைகளைத் தளர்த்தி, பயமில்லாத ஓர் இடத்தை மனத்தில் காணச் செய்தால் சிலருக்கு நடுக்கம் குறையலாம். ஆராய்ச்சிகள் குறைவு, சிறியவை. அவற்றைக்கொண்டு ஆணையிட்டுச் சொல்ல முடியாது. அது மாத்திரைக்குத் துணையாகுமே தவிர, மாத்திரைக்குப் பதிலாகாது.

"மூன்றே நாளில் வசியத்தால் குணப்படுத்துகிறேன், மருந்தை நிறுத்துங்கள்" என்று சொல்பவனிடம் தாய்மார்கள் வளையலை அடகு வைத்துப் போகிறார்கள். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் குரல்கள் திரும்பி வரலாம். அப்போது அந்த வசியக்காரன் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும்.