ஜுர மருந்தும் ஒரு குட்டி ரத்தக்குழாயும்

மூணு வருஷத்துக்கு முன்னாடி என் அக்கா பையன் 28 வாரத்துலயே பொறந்துட்டான். இன்குபேட்டர்ல இருந்தான். "இதயத்துக்குப் பக்கத்துல ஒரு குழாய் இன்னும் மூடல, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்"னு டாக்டர் சொன்னாங்க. மாமாவுக்குக் கோபம். ஐந்தாவது நாள் ஒரு மருந்து ஆரம்பிச்சாங்க. அது என்ன தெரியுமா? பாராசிட்டமால்! "ஜுர மருந்துக்கும் இதயத்துக்கும் என்னடா சம்பந்தம்?"னு அக்கா என்னைக் கேட்டா. அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல. இந்த எபிசோட்தான் அந்தப் பதில்.

கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுறதில்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியா வருது. அதனால நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்துல பெரும்பகுதி ஒரு குறுக்கு வழியா உடம்புக்குப் போயிடுது. அந்த வழிக்குப் பேர் டக்டஸ் ஆர்டீரியோசஸ். நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த ரெண்டு மூணு நாள்ல அது சுருங்கி மூடிடும். குறைமாதக் குழந்தைக்குப் பல நேரம் மூடாது. அப்போ ரத்தம் திரும்ப நுரையீரலுக்குள்ளேயே பாய்ஞ்சு, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போறது குறையலாம்.

1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற 33 வயது அறுவை மருத்துவர், 7 வயதுச் சிறுமிக்கு மார்பைத் திறந்து இந்தக் குழாயைக் கட்டினார். ஆனா ஒரு கிலோ எடை இருக்கும் சிசுவுக்கு மார்பைத் திறக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்!

விடை வேறொரு திசையில் இருந்து வந்தது. 1930-களில் ஸ்வீடனில் உல்ஃப் வான் ஆய்லர், விந்துத் திரவத்தில் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஒரு பொருளைக் கண்டார். புராஸ்டேட் சுரப்பியில் இருந்து வருதுன்னு நினைச்சு 'புராஸ்டாகிளாண்டின்'னு பேர் வச்சார். உண்மையில் அது உடம்பு முழுக்க உருவாகுது. பழைய கோட்ல தப்பா வச்ச வேரியபிள் பேர் மாதிரி, இன்னிக்கு வரைக்கும் யாரும் மாத்தல!

இது ஹார்மோன் மாதிரிதான், ஆனா பெரும்பாலும் தூரம் போகாது. உருவான இடத்துலயே வேலை செய்யும். ரத்தத்தோட நுரையீரலுக்குள்ள போனா அங்கேயே பெரும்பாலும் அழிஞ்சிடும். 1971-ல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் இந்தப் பொருள் உருவாகிறதைத் தடுக்குதுன்னு காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகிட்டார்.

1973-ல் டொராண்டோவில் காசியானியும் ஓலியும் ஆட்டுக்குட்டியின் டக்டஸை புராஸ்டாகிளாண்டின் தளர்த்துதுன்னு காட்டினாங்க. இப்போ கதை புரியுதா? கருவில் நஞ்சுக்கொடி இதைத் தயாரிச்சுக் குழாயைத் திறந்து வைக்குது. பிறந்ததும் நஞ்சுக்கொடி போயிடுது, நுரையீரல் மிச்சத்தை அழிக்குது, ஆக்சிஜன் கூடுது, குழாய் மூடுது. குறைமாதக் குழந்தையின் குழாயோ ஆக்சிஜனுக்கு அவ்வளவா மசியாது, புராஸ்டாகிளாண்டினுக்கு ரொம்பவே மசியும்.

இதுல இருந்து ரெண்டு சிகிச்சை பிறந்தது. சில இதயக் குறைபாடுகளில் குழந்தை உயிரோடு இருக்கவே அந்தக் குழாய் திறந்திருக்கணும். அறுவைசிகிச்சை வரைக்கும் திறந்து வைக்க, 1970-களின் நடுவில் புராஸ்டாகிளாண்டினையே மருந்தாக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1976-ல் கலிபோர்னியாவின் ரெண்டு குழுக்கள் அதுக்கு நேர்மாறா, மூட்டுவலி மருந்தான இண்டோமெத்தசினைக் கொடுத்து, குறைமாதச் சிசுக்களின் குழாயை மூட வச்சாங்க. ஒரே சுவிட்ச்: ஒரு குழந்தைக்கு ஆன், இன்னொரு குழந்தைக்கு ஆஃப். இண்டோமெத்தசின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால பிறகு இபுப்ரோஃபென் வந்தது, 2011-க்குப் பிறகு பாராசிட்டமாலும் வந்தது.

ஆனா கதை அங்க முடியல. 2023, 2024-ல் வெளியான ரெண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகளில், சீக்கிரமே இபுப்ரோஃபென் கொடுத்த குழந்தைகளின் நிலை மத்தவங்களைவிட மேம்படல. குழாயை மூடுறதும் குழந்தையைக் காப்பாத்துறதும் ஒண்ணு இல்லை. பல குழாய்கள் தானாவே மூடிடும்.

மாமா கோபப்பட்ட அந்த 'பொறுத்துப் பார்ப்போம்', அலட்சியம் இல்லை. பல வருஷக் கேள்வி அதுக்குப் பின்னாடி இருந்தது. பையன் இப்போ பிளே ஸ்கூல் போறான். ஜுரம் வந்தா அதே மருந்தைத் துப்பிடுறான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.