வளைகோட்டை விட்டு விலகிய புள்ளி

ரைனோ போன்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரு வளைகோட்டின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் திரையில் வரவழைத்தால், முதலும் கடைசியும் நீங்கலாக மற்றவை பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நிற்கும். புதிதாகப் பழகுவோர் திகைக்கும் இடம் இது. கோட்டை வளைக்க வேண்டுமானால் கோட்டையே பிடித்து இழுக்காமல், பக்கத்தில் நிற்கும் ஒன்றை ஏன் இழுக்க வேண்டும்? இந்த விலகல் கணினித் திரைக்காக வந்ததன்று. பிரெஞ்சுக் கார் ஆலைகளின் தேவையிலிருந்து பிறந்தது. பின்னர் வந்த திருத்தங்கள் பெரும்பாலும், ஒரு புள்ளியை அசைத்தால் கோடு எவ்வளவு தூரத்துக்கு அசையலாம் என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

அதற்கு முன்பு புள்ளிகள் கோட்டின்மேல்தான் இருந்தன. கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச் சட்டத்தை ஈயக் கட்டைகளால் ஆங்காங்கே நிறுத்தி, அது எடுக்கும் வளைவை வரைந்துகொண்டனர். கட்டை இருக்கும் இடத்தைச் சட்டம் கடந்தாக வேண்டும். இடைப்பட்ட வளைவை மரத்தின் விறைப்பு பார்த்துக்கொள்ளும். 1946இல் ஐசக் ஷோன்பெர்க் இதையொத்த கணிதச் சார்புகளுக்கு ‘ஸ்பிளைன்’ என்ற அந்தச் சட்டத்தின் பெயரையே வைத்தார். போயிங் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஃபெர்குசன் 1964இல் வெளியிட்ட முறையிலும் கோடு புள்ளிகளின் வழியாகவே சென்றது.

கார் ஆலைகளின் சிக்கல் வேறு. ஓவியரின் வரைபடம், களிமண் மாதிரி, அச்சு செய்பவரின் அளவுகள் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சிறிது பிசகும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எண்களால் ஆன வரையறை எதுவும் இல்லை. சிட்ரோயன் நிறுவனத்தில் சேர்ந்த இளம் கணிதவியலாளர் பால் த காஸ்டெல்ஜோ 1959இல் தந்த தீர்வில், கோட்டுக்கு வெளியே நிற்கும் புள்ளிகளே கோட்டை வரையறுத்தன. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே ஒரே விகிதத்தில் புதுப் புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடையேயும் அப்படியே குறித்துக்கொண்டு போனால், எஞ்சும் ஒற்றைப் புள்ளி கோட்டின்மேல் விழும். நிறுவனம் இதை இரகசியமாக வைத்திருந்தது. அதனால் 1960களில் ரெனோவில் தனியே இதே வளைகோட்டை எட்டி, அதை வெளியிடவும் செய்த பியேர் பெசியேவின் பெயரே நிலைத்தது. பெசியேவின் முதல் வடிவில் இன்று நாம் இழுக்கும் புள்ளிகள் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த திசையன்களே இருந்தன. 1972இல் ராபின் ஃபாரஸ்ட் அதைப் பெர்ன்ஸ்டைன் பல்லுறுப்புக்கோவைகளால் திருப்பி எழுதியபின்தான், கட்டுப்பாட்டுப் புள்ளிகளை இணைக்கும் உடைகோட்டின் முனைகளை இழுப்பது என்ற பழக்கத்துக்கு வெளியுலகில் வழி பிறந்தது.

பெர்ன்ஸ்டைன் 1912இல் ஒரு நிறுவலுக்காகப் படைத்த அந்தக் கோவைகளைத் தோராயக் கணக்கு செய்தவர்கள் அவ்வளவாக மதிக்கவில்லை, கொடுத்த மதிப்புகளை அவை மிக மெதுவாகவே நெருங்கும் என்பதால். வடிவமைப்பாளருக்கோ அந்த மந்தமே வரம். நான்கு புள்ளிகள் கொண்ட முப்படிக் கோட்டின் நடுவில் அவற்றின் பங்கு முறையே 1/8, 3/8, 3/8, 1/8. இரண்டாம் புள்ளியை 8 அலகு இழுத்தால் கோட்டின் நடுப்பகுதி 3 அலகுதான் நகரும். கோடு அந்தப் புள்ளிக்கு மிக அதிகமாக இணங்கும் இடத்தில்கூடப் பங்கு 4/9ஐத் தாண்டாது. கை நடுக்கம் கோட்டில் பாதிக்கும் குறைவாகவே பதியும். புள்ளி வெளியே நிற்பதன் நியாயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

ஆனால் இந்த முறையில் எந்தப் புள்ளியை அசைத்தாலும் கோடு முழுவதும் கொஞ்சமாவது அசைகிறது. பத்துப் புள்ளி வைத்தால் கோவையின் படி ஒன்பதாகிறது. கதவின் விளிம்பைத் திருத்தப் போய் விளக்கின் ஓரம் கலைந்தால் யார் பொறுப்பார்? இதற்கு விடை, பல துண்டுகளைக் கோத்து அமையும் பி-ஸ்பிளைன். 1972இல் கார்ல் த போரும் மாரிஸ் காக்ஸும் தனித்தனியே நிலையான கணக்கீட்டு முறை தந்தனர். அடுத்த ஆண்டு ரிச்சர்ட் ரீசன்ஃபெல்ட் சிரக்யூஸ் பல்கலைக்கழக ஆய்வேட்டில் அதை வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். சீரான முப்படி பி-ஸ்பிளைனில் ஒரு புள்ளியை 6 அலகு நகர்த்தினால் அருகிலுள்ள கோடு 4 அலகு நகரும். அந்தப் புள்ளிக்குரிய நான்கு துண்டுகளுக்கு அப்பால் எதுவும் அசையாது. 1975இல் அதே பல்கலைக்கழகத்தில் கென்னத் வெர்ஸ்ப்ரில் ஒவ்வொரு புள்ளிக்கும் எடை சேர்த்த வடிவை ஆராய்ந்தார். வட்டத்தையும் துல்லியமாகக் குறிக்கும் இந்த வடிவம்தான் இன்றைய நர்ப்ஸ். எடையை மாற்றும் வசதி மென்பொருளில் இருந்தாலும், அன்றாடத் திருத்தத்துக்கு அதைத் தொடாதிருப்பதே நல்லது.

துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தை முடிச்சு என்பர். திருத்துவோருக்கு எடையைவிடப் பெரிய உதவி 1980இல் வந்த முடிச்சுச் செருகல். வோல்ஃப்காங் போம் ஒரு வழியும், கோஹன், லூகே, ரீசன்ஃபெல்ட் மூவரும் இன்னொரு வழியும் காட்டினர். கோட்டின் வடிவம் இம்மியும் மாறாமல் புதிய புள்ளி சேரும். அதன்பின் திருத்தம் இன்னும் குறுகிய எல்லைக்குள் அடங்கும். ரைனோவில் முடிச்சைச் செருகும் கட்டளையும் கட்டுப்பாட்டுப் புள்ளியைச் செருகும் கட்டளையும் தனித்தனி. முன்னது வடிவத்தைக் காக்கும், பின்னது மாற்றிவிடும்.

கோட்டையே பிடித்து இழுக்கும் ஆசையும் போய்விடவில்லை. 1989இல் பார்ட்டல்ஸும் பீட்டியும், கோட்டின்மேல் உள்ள இடத்தை இழுத்தால் வெளிப்புள்ளிகள் அதற்கேற்ப நகரும் கணக்கைத் தந்தனர். ரைனோவில் கோட்டின்மேலேயே அமரும் திருத்தப் புள்ளிகளும் உண்டு. கோடு ஓரிடத்தைக் கடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் அவை உதவும். மற்றபடி ஓரிடத்தை இழுக்க, பக்கத்தில் புடைப்பு எழும்.

பரப்புகளில் தொல்லை இரட்டிப்பு. நர்ப்ஸ் பரப்பில் ஒரு புள்ளி வேண்டுமென்றால் ஒரு முழு வரிசையே சேர்ந்துவிடும். கார்க் கூரையின் ஓரத்தில் தேவைப்பட்ட நுணுக்கம் மறுமுனைவரை ஓடும். தாமஸ் செடர்பெர்க் குழுவினர் 2003இல் அறிவித்த டி-ஸ்பிளைன், வரிசையைப் பாதியிலேயே முடிக்க அனுமதித்தது. புள்ளி வலையை மேலும் மேலும் பிரித்துப் பரப்பை எட்டும், 1978இல் கேட்மல்லும் கிளார்க்கும் தந்த உட்பிரிப்பு முறையோ வரிசை ஒழுங்கையே கட்டாயமாக்கவில்லை. பிக்ஸார் அதை 1997இல் ‘ஜெரிஸ் கேம்’ குறும்படத்தில் பயன்படுத்தியது. பொறியியல் வடிவமைப்புக்கு அது தாமதமாகவே வந்தது. 2020இல் வெளியான ரைனோ 7இல்தான் உட்பிரிப்புப் பரப்பு இடம்பெற்றது. அதிலும் இழுக்கப்படும் புள்ளிகளுக்குப் பரப்புக்கு வெளியே நிற்க இடமுண்டு.