கூட்டுக்குக் கீழே கிடந்த சாட்சி

சிம்பன்சி தான் படுத்துறங்கிய கூட்டைப் பெரும்பாலும் அசுத்தப்படுத்தாது. விடியும் நேரத்தில் விழித்ததும் கூட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, கீழே கழித்துவிட்டுத்தான் பழம் தேடிக் கிளம்பும். மரத்தடிச் சருகில் விழும் அந்த எச்சத்துக்கு ஆயுள் குறைவு. ஈ மொய்க்கும், சாணவண்டுகள் பிய்த்து உருட்டிக்கொண்டு போகும், ஒரு மழை பெய்தால் அத்தி விதைகள் மட்டும் மிஞ்சும். அதற்குள் ஒருவர் நடந்துவந்து சேர்ந்துவிட்டால், அதே எச்சம் ஒரு பிளாஸ்டிக் குப்பிக்குள் ஏறிக் கடல் கடந்து போகும். எய்ட்ஸ் நோயின் வைரஸ் எந்தக் காட்டிலிருந்து மனிதரிடம் வந்தது என்ற கேள்விக்கு விடை சொன்னவை அப்படிப்பட்ட குப்பிகள்தாம்.

அவை கிளம்பிய இடம் மேற்கு மத்திய ஆப்பிரிக்காவின் காமரூன். அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில், 2001இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட லோபேக்கே காடும் அதையொட்டிய மாம்பெலே பகுதியும் இருக்கின்றன. கிழக்கு எல்லையாகச் சங்கா ஆறு ஓடுகிறது. அக்கரையில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் காங்கோ குடியரசும். பாக்கா இனத்தவரும் பாண்டு மொழிகள் பேசும் கிராமத்தாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பகுதி இது. மரம் வெட்டும் நிறுவனங்களின் லாரிகள் சாலை போட்டு உள்ளே வந்த பகுதியும்கூட. அந்தச் சாலைகளின் வழியே துப்பாக்கிகளும் வந்தன. அதனால் இங்குள்ள சிம்பன்சிகளுக்கு மனிதவாடை என்றாலே ஓட்டம்தான். தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குட்டால் 1960இல் தொடங்கிவைத்த ஆய்வில் சிம்பன்சிகள் மனிதர் அருகில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் பழகிப்போக ஆண்டுகள் பிடித்தன. லோபேக்கேயில் அந்தப் பழக்கமே கிடையாது. இங்கே தடம் பார்க்கிறவர் நாள் முழுக்க நடந்தாலும் விலங்கின் முகத்தைப் பார்க்காமல் திரும்புவது சாதாரணம். அவருக்குக் கிடைப்பதெல்லாம் அது விட்டுப்போனவை.

விட்டுப்போனவற்றிலிருந்து அவர் படித்தெடுப்பது கொஞ்சநஞ்சமல்ல. முந்தின நாள் அந்திக்குச் சற்று முன் தூரத்தில் கேட்ட கூச்சல் எந்தத் திசை, எவ்வளவு தொலைவு. பலகைபோல் விரிந்த வேர்களில் ஆண் சிம்பன்சிகள் தட்டும் முழக்கம் எந்தப் பக்கம் நகர்ந்தது. இப்போது எந்த மரம் காய்த்திருக்கிறது. கடித்துச் சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை இன்னும் ஈரமாக இருக்கிறதா. சேற்றில் பதிந்த விரல்முட்டித் தடத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டதா. இவற்றைக் கூட்டிப் பார்த்துத்தான் கூட்டிருக்கும் இடத்தை ஊகிக்கிறார். சிம்பன்சி ஒவ்வொரு மாலையும் கிளைகளை வளைத்து மடித்துப் புதுக்கூடு கட்டும். இலை பசுமையாக இருந்தால் நேற்றைய கூடு, வாடியிருந்தால் சில நாள் ஆனது, பழுப்பேறியிருந்தால் நின்று பார்த்துப் பயனில்லை. இதே காட்டில் கொரில்லாக்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் தரையிலோ தரைக்குப் பக்கத்திலோ படுப்பவை. படுத்த இடத்திலேயே கழித்துவிடுபவை. எச்சமும் வேறு வடிவம், வேறு வாடை. இந்த வேறுபாடெல்லாம் மூக்காலும் கண்ணாலும் ஒரே கணத்தில் தெரிய வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதற்குப் பட்டம் கிடையாது என்பதை இந்தத் துறையின் பெரிய குறையாகவே நான் எண்ணுகிறேன்.

கூட்டடியில் உட்கார்ந்ததும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கையுறை மாட்டி, எச்சத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, ஏறக்குறைய அதே அளவு திரவம் நிரம்பிய குப்பிக்குள் போட்டு, மூடிக் குலுக்க வேண்டும். ஆர்.என்.ஏ.லேட்டர் என்ற அந்தத் திரவம் செறிவான உப்புக் கரைசல். மரபுப்பொருளைச் சிதைக்கும் நொதிகளை அது செயலிழக்கச் செய்கிறது. குளிர்பெட்டியும் மின்சாரமும் இல்லாத முகாமில், வெக்கையில், நாட்கணக்காகக் கிடந்தாலும் வைரஸின் ஆர்.என்.ஏ. படிக்கும் நிலையில் இருக்கும். குப்பியின் மேல் நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயர். பிறகு அது முதுகுப்பைக்குள் போய்விடும். மேலே மரத்திலிருந்த விலங்குக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இந்த எளிமை எவ்வளவு பெரிய மாற்றம் என்பது மேரிலின் கதை தெரிந்தால்தான் புரியும். மேரிலின் ஒரு பெண் சிம்பன்சி. குட்டியாக இருந்தபோதே ஆப்பிரிக்கக் காட்டில் பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விலங்குக் கூடத்தில் குட்டி ஈனுவதற்காகவே வைத்திருந்தார்கள். 1985இல் அங்கிருந்த 98 சிம்பன்சிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் வலுவாகத் தெரிந்தது அவள் ஒருத்தியிடம்தான். எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கு அவளை ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. அதே ஆண்டு இரட்டைக் குட்டிகளை இறந்த நிலையில் ஈன்று தானும் இறந்துபோனாள். வயது 26. உறைபெட்டியில் கிடந்த அவளது திசுக்களிலிருந்துதான், அலபாமா பல்கலைக்கழகத்தின் பியாட்ரிஸ் ஹான் குழு, எச்.ஐ.வி.-1க்கு நெருங்கிய உறவான சிம்பன்சி வைரஸைப் பிரித்துக் காட்டி, 1999இல் அறிவித்தது. மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சித் துணையினத்திலிருந்தே இது மனிதருக்கு வந்தது என்ற வாதம் அதனால் வலுப்பெற்றது. ஆனால் மேரிலினை எந்த நாட்டில் பிடித்தார்கள் என்ற குறிப்புகூட இல்லை. ஒரு உயிரைக் காட்டிலிருந்து பிய்த்தெடுத்தவர்கள், அது எந்தக் காடு என்று எழுதிவைக்கத் தோன்றாமல் இருந்திருக்கிறார்கள். விடை பாதியிலேயே நின்றது.

மீதி விடைக்குக் காட்டுச் சிம்பன்சிகளைச் சோதித்தாக வேண்டும். மயக்க ஊசி போட்டு ரத்தம் எடுப்பதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. மரத்திலிருந்து விழுந்தால் செத்துவிடும், இனமோ அழிவின் விளிம்பில். எனவே எச்சத்திலும் சிறுநீரிலும் எதிர்ப்புப் புரதத்தையும் வைரஸின் துண்டுகளையும் கண்டுபிடிக்கும் முறையை ஹான் குழு உருவாக்கியது. கோம்பே, ஐவரி கோஸ்டின் தாய், உகாண்டாவின் கிபாலே ஆகிய காடுகளில் மனிதருக்குப் பழகிய சிம்பன்சிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். கோம்பேயின் ஒரு சிம்பன்சியிடம் வைரஸ் இருந்தது. ஆனால் அது கிழக்கத்தியத் துணையினத்தின் வைரஸ். மனிதரிடம் பரவியதற்குத் தூரத்து உறவு மட்டுமே.

இதே எச்சத்தைத் தேடிப் போய் ஒரு பெரிய மனிதரின் உயிர் பிரிந்ததையும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஹாமில்டன், உறவுத் தேர்வுக் கோட்பாட்டை வகுத்தவர், பரிணாமவியலில் இருபதாம் நூற்றாண்டின் முதல் வரிசை அறிஞர். 1950களில் அன்றைய பெல்ஜியக் காங்கோவில் கொடுக்கப்பட்ட போலியோ சொட்டு மருந்தின் வழியே சிம்பன்சி வைரஸ் மனிதருக்கு வந்திருக்குமோ என்ற ஐயம் அப்போது பலமாகப் பேசப்பட்டது. அதைச் சோதித்தே தீர வேண்டும் என்று, போர் நடந்துகொண்டிருந்த காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு 2000 ஜனவரியில் போனார். கிசங்கானியைச் சுற்றிய காட்டில் எச்ச மாதிரிகள் சேர்த்தார். மலேரியாவோடு திரும்பிய அவர் மார்ச் 7 அன்று லண்டனில் காலமானார். அவரோடு போன இளைஞர் மைக்கேல் வொரோபே அந்த வேலையைக் கைவிடவில்லை. கிசங்கானிப் பகுதிச் சிம்பன்சியின் வைரஸ் எச்.ஐ.வி.-1இலிருந்து தெளிவாக வேறுபட்டது என்று 2004இல் நிறுவினார். ஹாமில்டன் ஆதரித்த ஐயம் அவர் தேடிப் போன அதே சான்றால் தீர்ந்தது. தன் கருத்து தோற்றாலும் உண்மை தெரிய வேண்டும் என்று காட்டுக்குள் போகிறவர்கள் மீது எனக்குத் தீராத மரியாதை உண்டு.

காமரூன் குப்பிகளுக்கு வருவோம். தெற்குக் காமரூனில் 10 இடங்களில் 599 மாதிரிகள் சேர்ந்தன. பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்ட்டீன் பீட்டர்ஸின் குழு, அமெரிக்காவின் அலபாமாவில் ஹானின் குழு, மரபுத்தொடர்களை ஒப்பிட்டு வம்சாவளி வரைய பிரிட்டனின் நாட்டிங்காமில் பால் ஷார்ப். சேற்றுப் பாதையில் முகாமிலிருந்து கிளம்பிய குப்பி, ஆய்வகத்தில் உறைபெட்டிக்குள் போனபோது அதன் ஊர் மாறியிருந்தது. மேலே எழுதிய இடப்பெயர் மாறவில்லை. மேரிலினுக்கு இல்லாமற்போனது அந்த ஒரு வரிதான்.

ஆய்வகத்தில் அந்த எச்சத்திடம் பல கேள்விகள் கேட்டார்கள். குடலிலிருந்து உதிர்ந்த செல்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., இது உண்மையிலேயே சிம்பன்சிதானா, எந்தத் துணையினம் என்று சொன்னது. வேறு சில மரபுக்குறிகள் இந்தக் குப்பியும் அந்தக் குப்பியும் ஒரே விலங்கினுடையவையா என்று சொல்லின. எதிர்ப்புப் புரதம் தெரிந்த மாதிரிகளில் வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடினார்கள். 2006இல் சயின்ஸ் இதழில் வந்த முடிவு இதுதான்: சில சிம்பன்சிக் கூட்டங்களில் 29 முதல் 35 சதவீதம் வரை தொற்று இருந்தது. உலகெங்கும் பரவிய எம் பிரிவு எச்.ஐ.வி.-1க்கு மிக நெருங்கிய வைரஸ் தென்கிழக்கு மூலைக் கூட்டங்களிடம். பெரும்பாலும் காமரூனுக்குள்ளேயே அடங்கிநின்ற அபூர்வமான என் பிரிவுக்கு நெருங்கியது வேறொரு பகுதிக் கூட்டத்திடம். சனாகா ஆற்றுக்கு வடக்கே வாழும் மற்றொரு துணையினத்தில் இந்த வைரஸ் காணப்படவேயில்லை.

ஒரு நோய்க்கொள்ளையின் மூலத்தை, நாடு என்ற அளவில்கூட நிற்காமல், இன்ன ஆற்றங்கரைக் காடு என்று காட்ட முடிந்தது எச்சத்தின் மேல் இடம் எழுதப்பட்டிருந்ததால். வேட்டையாடிய சிம்பன்சியை அறுத்தபோது ரத்தம் ஒருவரின் காயத்தில் பட்டிருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சங்கா ஆறு தெற்கே ஓடிக் காங்கோ ஆற்றில் கலக்கிறது. காங்கோ ஆறு கின்ஷாசாவைத் தொட்டுச் செல்கிறது. அன்றைக்கு அது லியோபோல்ட்வில், பெல்ஜியக் காலனியின் நகரம். எம் பிரிவு அந்த நகரில் 1920 வாக்கில் கிளைவிடத் தொடங்கியது என்று மரபுத்தொடர்களை வைத்துக் கணித்திருக்கிறார்கள். ரயிலும் படகும் அதை ஏற்றிச் சென்றன. 1986இல் சென்னையில் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலா செல்லப்பனும் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, அந்த வைரஸின் முன்னோர் வசித்த காடு எதுவென்று யாருக்கும் தெரியாது. இதுவரை உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்திருக்கிறார்கள்.

சிம்பன்சிக்கும் இது வேறிடத்திலிருந்து வந்ததுதான். செந்தலை மாங்காபே, குனான் வகை ஆகிய சிறு குரங்குகளின் இரு வைரஸ்கள் கலந்து உருவானது அது. சிம்பன்சிகள் குரங்குகளை வேட்டையாடித் தின்பவை. தின்றவருக்குத் தின்னப்பட்டதிடமிருந்து தொற்று வந்த கதை இரண்டு முறை நடந்திருக்கிறது.

சிம்பன்சிக்கு இந்த வைரஸால் கெடுதல் இல்லை என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவை கோம்பேக் குப்பிகள். அங்கே எச்சத்துக்குப் பெயர் உண்டு. தான்சானியர்களான களப்பணியாளர்கள் ஒரு சிம்பன்சியைக் காலைக் கூட்டிலிருந்து மாலைக் கூடு வரை கால்நடையாகப் பின்தொடர்கிறார்கள். யாருக்கு யார் தாய், எந்த ஆண்டு பிறந்தது, எப்போது காணாமற்போனது என்பதெல்லாம் பல பத்தாண்டுகளாக ஏட்டில் இருக்கிறது. 94 சிம்பன்சிகளை 9 ஆண்டுகள் கவனித்ததில் 17க்குத் தொற்று இருந்தது. தொற்றுள்ளவை இறக்கும் அபாயம், வயதைக் கணக்கில் கொண்ட பிறகும், 10 முதல் 16 மடங்கு அதிகம் என்று 2009இல் தெரியவந்தது. இன்னின்ன சிம்பன்சி இன்ன நாளில் உயிரோடு இருந்தது என்று எழுதிவைத்த கால்கள் இல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆய்வுக் கட்டுரைகளில் இவர்களுக்கான இடம் பெரும்பாலும் கடைசிப் பத்தியின் நன்றியுரை. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. தடம் பார்க்கிறவரின் ஊகம் தவறினால் குப்பி காலி. குப்பி காலியானால் அடுத்து வரும் எதுவும் இல்லை.

உறைபெட்டிக்குப் போன குப்பிகளின் பயணம் அங்கேயே முடிந்துவிடவில்லை. மத்திய ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் சேர்ந்த ஏறக்குறைய 3,000 வாலில்லாக் குரங்கு எச்சங்களில், இந்த முறை மலேரியா ஒட்டுண்ணியைத் தேடினார்கள். மனிதரை அதிகம் கொல்லும் ஃபால்சிபாரம் மலேரியா கொரில்லாக்களிடமிருந்து வந்தது என்று 2010இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதற்காக ஒரு கொரில்லாவைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. மேரிலினைப் போல் கூடங்களில் அடைபட்ட சிம்பன்சிகளின் நிலையும் மாறியது. 2015 நவம்பரில் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம், சிம்பன்சிகளின் உடலில் சோதனை நடத்தும் ஆராய்ச்சிக்கு இனி ஆதரவில்லை என்று அறிவித்து, தேவைப்படலாம் என ஒதுக்கிவைத்திருந்த 50 சிம்பன்சிகளையும் ஓய்வுக்கு அனுப்ப முடிவுசெய்தது.