வேகமா, சமமா? – பந்தய டிங்கிகளின் கதை

டிங்கி என்ற சொல் இங்கிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. வங்காளத்திலும் வட இந்தியாவிலும் சின்னப் படகை அப்படித்தான் சொல்வார்கள். இன்று உலகம் முழுக்க அது ஒருவரோ இருவரோ ஓட்டக்கூடிய, அறை எதுவும் இல்லாத சிறிய பாய்மரப் படகைக் குறிக்கிறது. கவிழாமல் இருக்க அடியில் ஈயக்கட்டி எல்லாம் கிடையாது. ஓட்டுபவரின் உடம்புதான் எடை. காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து அவர் வெளியே சாய்ந்தால்தான் படகு நிமிர்ந்து நிற்கும்.

பழைய டிங்கி என்றால் மரம், அழகு, நிதானம். புதிய டிங்கி என்றால் கார்பன், வேகம். பொதுவாக இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். இது பாதி உண்மைதான். வேகம் எப்படி வரும் என்பது பழைய ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதை எவ்வளவு தூரம் விடலாம் என்பதில்தான் சண்டை.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் எந்தப் படகும் தானே ஓர் அலையை எழுப்பும். அந்த அலைக்குள்ளேயே அது மாட்டிக்கொள்ளும். 14 அடிப் படகென்றால் சுமார் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போவது கஷ்டம். இந்தச் சிறையை உடைத்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் உஃபா ஃபாக்ஸ். அவர் தொழில் கற்றது அதிவேக மோட்டார் படகுகள் கட்டிய பட்டறையில். அங்கே பார்த்ததைப் பாய்மரப் படகுக்குக் கொண்டுவந்தார். முன்புறம் V வடிவம், பின்புறம் தட்டை. நல்ல காற்றில் படகு தன் அலை மீதே ஏறி, தட்டாங்கல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். 1928ல் அவருடைய 'அவெஞ்சர்' கலந்துகொண்ட 57 பந்தயங்களில் 52ல் முதலிடம்! அதே ஆண்டு இரண்டு பேரைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு, அந்த 14 அடிப் படகிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குப் போய்த் திரும்பியும் வந்தார்.

அடுத்த பாய்ச்சல் 1938ல். பீட்டர் ஸ்காட், ஜான் வின்டர் இருவரும் ஃபாக்ஸ் வடிவமைத்த படகில் பாய்மரத்திலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதில் மாட்டிக்கொண்டு முழு உடம்பும் தண்ணீருக்கு மேல் நீட்டி நிற்கும் முறையைப் பயன்படுத்தி பெரிய கோப்பையை வென்றார்கள். இதற்கு ட்ரப்பீஸ் என்று பெயர். (இந்த ஸ்காட், தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த கேப்டன் ஸ்காட்டின் மகன்.) வெற்றிக்குப் பரிசாக அந்த முறைக்கே தடை வந்தது. சுமார் 30 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வகைப் படகில் ட்ரப்பீஸ் மறுபடி அனுமதிக்கப்பட்டது.

இதைப் பிற்போக்குத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் காசு கொடுத்துப் படகு வாங்கியவர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நீளம், பாயின் அளவு போன்ற சில வரம்புகளை மட்டும் வைத்து மற்றதை வடிவமைப்பாளர் இஷ்டத்துக்கு விட்டால், ஒவ்வொரு ஆண்டும் புதிய படகு வரும். போன ஆண்டு வாங்கியது பந்தயத்துக்கு உதவாது. கணக்கியல் பாஷையில் சொன்னால் முதலாண்டுத் தேய்மானமே 100 சதவீதம். கடைசியில் ஜெயிப்பது ஓட்டுபவரா, அவருடைய பர்ஸா?

இதற்கு மாற்று, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படகு. 1946ல் ஃபேரி மரைன் நிறுவனம் 12 அடி 'ஃபயர்ஃபிளை' படகைத் தயாரிக்க ஆரம்பித்தது. மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அச்சில் ஒட்டி, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைக்கும் முறை. போர்க்கால விமானத் தொழிலிலிருந்து வந்தது. 1948 ஒலிம்பிக்கில் இந்தப் படகில்தான் டென்மார்க்கின் 20 வயது பால் எல்வ்ஸ்ட்ரோம் தங்கம் வென்றார். முதல் பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் அவர். அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் 'ஃபின்' படகில் அவருக்கே தங்கம். ஃபின்னை 1949ல் வரைந்தவர் ரிக்கார்ட் சார்பி என்ற சுவீடன்காரர், தொழில் முடிதிருத்துதல்! 1952ல் தன் படகிலேயே போட்டியிட்டு வெண்கலமும் வாங்கினார்.

ஃபின் ஒரு முரட்டுப் படகு. உடல் மட்டும் 100 கிலோவுக்கு மேல். எடை கூட்டுவதற்காக ஸ்வெட்டர்களைத் தண்ணீரில் நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓட்டிய காலமும் உண்டு. பிறகு விதி அதைத் தடுத்தது.

விலைப் பிரச்சினையை உண்மையில் தீர்த்தது லேசர். கார் கூரையில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு படகு வேண்டும் என்று இயன் புரூஸ் 1969ல் போனில் கேட்க, பேசிக்கொண்டே புரூஸ் கெர்பி தாளில் கிறுக்கிய படம் அது. இருவரும் கனடாக்காரர்கள். 1970ல் 1000 டாலருக்குக் குறைந்த படகுகளுக்கென்றே நடந்த போட்டியில் அறிமுகமாகி, 1971ல் விற்பனைக்கு வந்தது. ஃபைபர் கிளாஸ் உடல் சுமார் 59 கிலோ, ஒரே பாய், மாற்ற வேண்டிய கயிறுகள் மிகக் குறைவு. இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. 'லேசர்' என்ற வணிகப் பெயர் மீது எழுந்த தகராறால் 2019 முதல் போட்டிகளில் அதற்குப் பெயர் ஐ.எல்.சி.ஏ. படகு என்னவோ அதே படகுதான்.

எதிர்த் திசையில் போனது 'மாத்'. 1928ல் ஆஸ்திரேலியாவின் இன்வர்லாக்கில் பிறந்த இந்த 11 அடிப் படகுக்கு விதிகள் மிகக் குறைவு. அதனாலேயே அது 80 ஆண்டுகளாக ஒரு சோதனைக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. 2000 வாக்கில் சிலர் நீருக்கடியில் சிறகு வைத்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் வைத்தால் பல உடல் படகாகிவிடும் என்று மறுப்பு வந்தது. நடுவில் ஒன்று, சுக்கானில் ஒன்று என்று வைத்தபோது விதி இடம் கொடுத்தது. 2005ல் ரோஹன் வீல் சிறகுப் படகில் உலகப் பட்டம் வென்றார். அதன் பிறகு சிறகில்லாத மாத் ஜெயிக்க வழியே இல்லை. முகப்பில் ஒரு குச்சி தண்ணீரைத் தடவிக்கொண்டே போய் உயரத்தை அளக்கும். அதற்கேற்பச் சிறகின் மடிப்பு திரும்பும். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. உடல் அதைவிட்டு மேலே எழும்பினால் இழுவை எங்கே இருக்கும்? படகின் மொத்த எடை 30 கிலோ சொச்சம், வேகம் 30 நாட்டுக்கும் மேல். விலை லேசரைப் போலப் பல மடங்கு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 பாய்மரப் போட்டிகளில் சரியாகப் பாதி, ஐந்து, சிறகு வைத்தவை. அதில் ஒன்று நக்ரா 17 என்ற கேட்டமரான் (நம்ம கட்டுமரத்தின் பெயரை எடுத்து இரட்டை உடல் படகுக்கு வைத்துக்கொண்டார்கள்). 1952 முதல் தொடர்ந்து 18 ஒலிம்பிக் கண்ட ஃபின்னுக்கு இடமில்லை. 90 கிலோ ஆசாமிகள் போட்டியிட ஏற்ற டிங்கி அதோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது என்பது ஃபின்காரர்களின் வருத்தம், நியாயமானதும்கூட. லேசர் மிஞ்சியது. பாரிசுக்கு இந்தியாவிலிருந்து போன இரண்டு பாய்மரப் படகு வீரர்களான சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரின் விஷ்ணு சரவணனும் ஓட்டியது, 1969ல் போன் பேசிக்கொண்டே வரைந்த அந்தப் படகைத்தான்.