தையல் மெஷினில் பிறந்த ரத்தக்குழாய்

பேர்லேண்டிலிருந்து 288-இல் வடக்கே போனால் டெக்சஸ் மெடிக்கல் சென்டர் வரும். நம்மில் பலருக்கு அது மாமாவையோ பாட்டியையோ பார்க்கப் போகும் இடம். ரத்தக்குழாயின் வரலாற்றில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

1950-களின் தொடக்கத்தில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி ஹூஸ்டனில் ஃபோலீஸ் என்ற கடைக்கு நைலான் துணி வாங்கப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டாக்ரான்தான் இருந்தது. அதை வாங்கிவந்து, மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். சிறு வயதில் தையல் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மா! பழுதான மகாதமனிக்குப் பதிலாக டாக்ரான் குழாய் வைப்பது பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2006-இல், 97 வயதில், அவருக்கே டாக்ரான் குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள்.

என் அப்பாவுக்கு பைபாஸ் செய்தபோது காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்தார்கள். நெஞ்சில் ஒரு காயம், காலில் ஒரு காயம். டாக்ரான் இருக்கும்போது காலை ஏன் அறுக்க வேண்டும் என்று கேட்டேன். பதில் எளிது: மகாதமனி அகலமானது. இதயத் தமனி 3, 4 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய செயற்கைக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிடும். குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல்: துணி வளராது.

கோபுரம் கட்டும்போது சாரம் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள் இல்லையா? ரத்தக்குழாய்க்கும் அப்படி ஒரு சாரம் கட்டலாம் என்று பொறியாளர்கள் யோசித்தார்கள். காயத்துக்குத் தானாகக் கரையும் தையல் போடுகிறார்களே, அந்த பாலிகிளைகாலிக் அமிலம்தான் பொருள். 1999-இல் லாரா நிக்லசன் குழுவினர் அந்த வலைக்குழாயில் தசைச் செல்களை விதைத்து, இதயத் துடிப்பு போல அழுத்தம் கொடுத்து, 8 வாரம் வளர்த்தார்கள். பாலிமர் கரையக் கரைய, செல்கள் கொலாஜனை நெய்தன. அதைப் பன்றிக்குப் பொருத்தினார்கள். ஜப்பானில் ஷினோகா குழுவினர் 4 வயதுச் சிறுமியின் நுரையீரல் தமனியை, கரையும் பாலிமரில் அவளுடைய செல்களையே வளர்த்துச் சரிசெய்தார்கள். 2001-இல் அதை வெளியிட்டார்கள்.

நிக்லசன் தொடங்கிய ஹ்யூமசைட் நிறுவனம் இதே முறையில் குழாய் வளர்த்து, கடைசியில் செல்களைக் கழுவி நீக்கிவிடுகிறது. அதனால் யாருக்கும் பொருத்தலாம். கை, கால் தமனி காயங்களில், சொந்தக் குழாய் கிடைக்காத அவசர நேரத்தில் மட்டும் பயன்படுத்த 2024 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது, குழாய் கிழியலாம் என்ற கடும் எச்சரிக்கையோடு.

இதயத்துக்கான குழாய் இன்னும் வரவில்லை. சர்க்கரையும் மாரடைப்பும் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. உங்களில் யாராவது கெமிக்கல் இன்ஜினியரிங்கோ பயாலஜியோ படிப்பதாக இருந்தால், மிச்ச வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.