கோதுமை மா வந்த வழி

தலவாக்கலைத் தோட்டங்களின் லயங்களில் விடியுமுன் அடுப்பு மூட்டும் தாய் முதலில் கை வைப்பது கோதுமை மாவில்தான். ரொட்டி தட்டிச் சம்பலோடு கட்டிக் கொடுத்தால்தான் கொழுந்து பறிக்கப் போகிறவரின் பகல் கழியும். ஆயினும் இலங்கை உண்ணும் கோதுமை கடல் கடந்து வருவது. தென்தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்த நம் முன்னோரோ சோறும் கூழும் உண்டவர்கள். அவர்களின் சந்ததியார் ரொட்டி உண்பவராக மாறியது எவ்வாறு? இன்று கடைகளில் ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட்டு விற்கப்படும் பொதியை நம்பலாமா என்று கேட்பவர், முதலில் இவ்வரலாற்றை அறிதல் வேண்டும்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசைத்தன்மை வாய்ந்த புரதம். பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. சீலியாக் நோய் உடையவருக்கோ அது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. உண்ட உணவு உடலிற் சேராது, பிள்ளையின் வளர்ச்சி குன்றும், இரத்தசோகை பற்றும். குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே இதற்குரிய சிகிச்சை.

தோட்டங்களின் தொடக்க காலத்தில் துரைமார் இறக்குமதி அரிசியை வழங்கி, அதன் விலையைக் கூலியிற் கழித்தனர். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. போர் முடிந்த பின்னரும் அமெரிக்க உதவிக் கோதுமையும் மலிந்த மாவும் அவ்விடத்தைக் காத்து நின்றன. 1973-74 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகியபோது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1980 இல் திருகோணமலையின் சீனக்குடாவில் பெரும் மாவாலை இயங்கத் தொடங்கியது. மலையகத்தின் ரொட்டி சுவையால் தேர்ந்த உணவன்று. போரும் சந்தையும் கூலியும் தேர்ந்த உணவு.

வரலாற்றின் விந்தையைப் பாருங்கள். அதே போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஒல்லாந்து நாட்டிற் கோதுமை கிட்டாது மக்கள் பட்டினியால் வாடினர். ஆனால் ஹேக் நகரின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் அப்பஞ்சத்திலே தேறுவதையும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிவதையும் கண்டார். கோதுமைமீது முன்பே ஐயம் கொண்டிருந்த அவர், 1950 இல் அதனை ஆய்வேடாக நிறுவினார். ஒரே போர் ஒரு மக்களுக்குக் கோதுமையைத் திணித்தது. மற்றொரு நாட்டில் அதன் தீங்கைக் காட்டியது.

இது வெள்ளையர் நோய்தானே என்பார் உளர். 2016 இல் வெளியான இந்திய ஆய்வொன்று, 23,000க்கு மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தது. வடபுலத்தில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்புலத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் காணப்பட்டது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்கூறோ இரு புலத்தாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. தெற்கே உண்ணப்படும் கோதுமையின் அளவுதான் மிகக் குறைவு. அப்படியாயின், தென்னாட்டு உடலும் வடநாட்டு ரொட்டியும் ஒன்றுசேர்ந்த மலையகத்தைப் பற்றி யாம் என்ன எண்ணுவது? வளர்ச்சி குன்றிய பிள்ளையைக் கண்டால் வறுமை என்போம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் ஒரு சில பிள்ளைகளுக்கு, பசி தீர்க்கக் கொடுத்த ரொட்டியே நோயின் காரணமாகலாம். ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டுக. இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் நோய் மறைந்து கொள்ளும்.

இனிப் பொதிக்கு வருவோம். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியம அமைப்பு 2008 இல் வகுத்த எல்லையின்படி, ‘குளூட்டன் அற்றது’ எனப்படும் உணவின் 1 கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. நாளொன்றுக்கு அரைக் கிலோ அத்தகைய உணவு உண்டாலும் 10 மில்லிகிராமுக்கு மேற்படாது. 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், நாளும் 50 மில்லிகிராம் மூன்று மாதம் உண்ட நோயாளரின் குடல் பழுதுற்றது. கோதுமை மாவில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு குளூட்டன். 1 கிலோ அரிசி மாவில் 1 கிராம் கோதுமை மா கலந்தாலே 80 மில்லிகிராம், அதாவது எல்லையைப் போல் நான்கு மடங்கு! ஒரு சிட்டிகையில் அடங்கும் அளவு இது.

அச்சிட்டிகை கலக்கும் இடங்கள் எத்தனை! கோதுமை அரைத்த மில்லிலேயே குரக்கனும் அரிசியும் அரைபடுகின்றன. குரக்கன் ரொட்டியிலும் பிட்டிலும் இடியப்பத்திலும் கோதுமை மா சேர்ப்பது வழக்கம். பொதியில் வரும் கூட்டுப் பெருங்காயத்திற் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். மால்ட் பானத்தில் பார்லி. சோயா சோஸிற் கோதுமை. அமெரிக்காவில் 2010 இல் வெளியான ஆய்வில், இயல்பாகவே குளூட்டன் இல்லாத 22 தானிய, மா வகைகளில் 7 இல் 20 மில்லிகிராம் எல்லை எட்டப்பட்டது அல்லது மீறப்பட்டது. நாடெங்கும் பரந்த பெருந்தொழிலின் நிலையே அதுவெனில், நம் கடைவீதி மில்லைக் குறை கூறிப் பயனில்லை.

எனவே தீர்மானிக்கும் முறை இது. சேர்மானப் பட்டியலைக் கடைசிச் சொல் வரை படிக்க வேண்டும்: கோதுமை, மைதா, ரவை, பார்லி, மால்ட் என்பன தென்பட்டால் விலக்குக. ‘கோதுமையும் கையாளப்படும் ஆலையிற் செய்தது’ என்ற வரி இல்லாமையைச் சான்றாகக் கொள்ளற்க; பல நாடுகளில் அதை எழுதுவது உற்பத்தியாளரின் விருப்பமே. ‘குளூட்டன் அற்றது’ என்ற வாக்குக்கு, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தார்களா, வெளியார் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். மறுமொழி கிட்டாவிடில், முழு அரிசியும் முழுக் குரக்கனும் வாங்கி, பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, கோதுமை படாத உரலிலோ அரைப்பானிலோ வீட்டில் இடிப்பதே மேல்.

ஆனால் விடியுமுன் பிரட்டுக்கு ஓடும் தாயிடம் இத்தனையும் செய்யச் சொல்வது நியாயமா? 1875 இல் இங்கிலாந்து இயற்றிய உணவுச் சட்டம், துறைமுகத்தில் இறங்கும் தேயிலையைச் சுங்கத்தார் சோதிக்கவேண்டுமென விதித்தது. தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருகுவோர்க்காகத் தேயிலையை ஆராயும் அறிவு, அதைப் பறிப்பவளின் பிள்ளை உண்ணும் மாவையும் ஆராயலாகாதா? அரசாங்க ஆய்வுகூடம் சந்தைப் பொதிகளை எடுத்துச் சோதித்து முடிவை வெளியிடட்டும். எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வரட்டும். தோட்ட வைத்தியசாலையில் இந்நோய்க்கான சோதனை கிட்டட்டும்.

இவற்றைக் கேட்கும் குரல் பள்ளிக்கூடத்திலிருந்து எழலாம். ஆசிரியர் ஒருவர் வெறும் பொதியொன்றை வகுப்புக்குக் கொண்டுசென்று, அதன் பின்புறத்தைப் பிள்ளைகளோடு வரிவரியாகப் படிப்பாராக. தம் தட்டில் விழும் ரொட்டி எவ்வழியே வந்தது என்று கேட்கக் கற்ற பிள்ளை, அது ஏன் அவ்வழியே வந்தது என்றும் ஒருநாள் கேட்கும்.