அரசகுமாரியரும் பூதங்களும்: தேவதைக்கதை மரபு பற்றிய ஒரு குறிப்பு

2013ஆம் ஆண்டில் வோல்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ஃபுரோசன்' என்னும் அசைவூட்டத் திரைப்படம், தேவதைக்கதையின் எடுத்துரைப்பு மரபை மீறியதாகப் போற்றப்படுவதுண்டு. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1844இல் வெளியிட்ட 'பனி அரசி'. அதில் சிறுமியொருத்தி தன் அயல்வீட்டுத் தோழனை மீட்கிறாள். படத்திலோ எல்சா, அன்னா என்னும் அரசகுலச் சகோதரியரின் பாசமே மீட்பாகிறது. மணக்க வந்த இளவரசன் வஞ்சகனாகிறான்.

இம்மாற்றத்தின் எல்லையை அறிய, அன்புவழிபுரத்தை உள்ளடக்கிய திருகோணமலைப் பிரதேசத்தின் புராண மரபு நமக்குத் துணைபுரிகின்றது. ஆடகசவுந்தரி, தீக்குறிக்கு அஞ்சிப் பேழையிலிட்டுக் கடலில் விடப்பட்டுப் பின்னர் அரசியானவள். கோணேசர் கோயில் திருப்பணி செய்த குளக்கோட்டனோடு அவள் கொண்ட பகை திருமணத்தில் முடிகின்றது. எல்சாவும் தன் ஆற்றல் காரணமாக அஞ்சி மறைக்கப்பட்டவளே. எனினும் அவள் கதை திருமணத்தில் முடியவில்லை. இது மெய்யான முன்னேற்றமே.

ஆனால், உழைப்பை நோக்குமிடத்து இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. கந்தளாய்க் குளத்தைப் பூதங்கள் கட்டின என்பது ஐதீகம். மண் சுமந்த மாந்தருக்கு அங்கு இடமில்லை. படமோ பனிக்கட்டி வெட்டும் தொழிலாளரின் கூட்டுப்பாடலுடன் தொடங்கி, அவர்களை உடனே மறந்துவிடுகின்றது. அத்தொழில் செய்யும் கிறிஸ்டோஃப் ஒருவனுக்கு மட்டும் இறுதியில் அரச பதவியும் சறுக்குவண்டியும் கிட்டுகின்றன. குடிகளின் கோடையும் குளிரும் அரசியின் மனநிலையையே சார்ந்துள்ளன.

திருமண முடிவைக் கைவிட்ட கதைமரபு மணிமுடியைக் கைவிடவில்லை. ஆகவே மரபு மீறலை மதிப்பிடுகையில், யாரை யார் மணந்தார் என்பதோடு, குளத்தைக் கட்டியவர் யார் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.